குக்கர் வாங்காத ரத்தம்

இந்த எடத்துல ஆளு இருக்கா தம்பி? இல்லையே? கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, நானும் உக்காந்துக்கிடுதேன். அரை மணி நேரம் பேசாம உக்காந்திருங்கன்னு சிஸ்டர் சொல்லிருக்கு. பிரஷர் கூடுதலா இருக்காம். நூத்தி அறுவதாம். நூத்தி நாப்பதுக்குக் கீழ எறங்குனாத்தான் ரத்தம் எடுப்பாவளாம். இதை என்கிட்ட சொல்லுது அந்தப் பிள்ளை. அது பால்வாடிக்குப் போன காலத்துலேருந்து இதே கட்டில்ல படுத்து நான் ரத்தம் கொடுத்துக்கிட்டு இருக்கேன். அம்பத்து நாலு தடவை.

நீங்க கொடுக்கவா வந்திருக்கிய? இல்லையா. மாமாவோட ரிசல்ட் வாங்க வந்தியளா. லேபு அடுத்த கதவு தான், நேரமாகும். ஒரு மணிக்கு முன்னால ஒருத்தரையும் கூப்பிட மாட்டாவ. அதுவரைக்கும் என்ன செய்யப் போறிய. இருங்க, நான் சொல்லுதத கேளுங்க.

அந்தா, எதிர் பெஞ்சுல வெள்ளைச் சட்டை போட்டு, மடியில ரெண்டு போனை வச்சிக்கிட்டு ஒருத்தரு தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்காருல்லா, அவரை நல்லாப் பாத்துக்கிடுங்க. பாத்திரக்கடை தனுஷ்கோடி. இந்த ஊர்ல நாலு மாடி வச்ச கடை அவரு கடை ஒண்ணு தான். இல்ல, நான் மெதுவாப் பேச மாட்டேன். அவருக்குக் கேக்கணும்னு தான் பேசுதேன். கேக்கட்டும். இன்னைக்கு அவரு எந்திரிச்சுப் போக முடியாது. நான் எவ்வளவு நேரம் பேசுனாலும் உக்காந்து தான் ஆகணும்.

ஏன்னு கேளுங்க. அவரு மக செண்பகம் மேல மூணாவது மாடியில படுத்திருக்கு. தலைப்பிரசவம். நஞ்சுக்கொடி கீழ எறங்கிட்டு, காலையிலேருந்து ரத்தப்போக்கு. ரெண்டு மணிக்குக் கீறி எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. ஆனா கையில ரெண்டு பாட்டில் ரத்தம் இல்லாம கத்தியைத் தொட மாட்டேன்னும் சொல்லிட்டாவ. அந்தப் பிள்ளைக்கு ஓ நெகட்டிவ். நூறு பேரை நிறுத்துனா அதுல ஒருத்தனுக்கு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். திருநெல்வேலியிலேருந்து ஒரு பாட்டில் வந்துட்டு. இன்னொரு பாட்டில் எங்க இருக்குன்னா, இதோ, இந்தக் கையில இருக்கு.

என் பேரு ஆவுடையப்பன். காயில் ஆவுடையப்பன்னு கேட்டா யாரும் சொல்லுவாவ. மோட்டாருக்குக் காயில் கட்டுறது தொழில். இருவத்திரண்டு வருசத்துக்கு முன்னால பைபாஸ்ல ஒரு பஸ்ஸு கவுந்துச்சு. ரோட்டுல போற வாட்டசாட்டமான ஆளையெல்லாம் போலீஸ்காரரு புடிச்சு வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாரு. அதுல நானும் ஒருத்தன். பயந்துக்கிட்டே தான் கொடுத்தேன். மூணாம் நாள் கடையில உக்காந்து கம்பி சுத்திக்கிட்டு இருக்கேன், ஒரு குடும்பமே வந்து வாசல்ல நிக்கி. அந்த வீட்டு ஆம்பள ஒரு வாத்தியாரு, என்னைய விட மூத்தவரு. செருப்பைக் கழத்தி ஓரமாப் போட்டுட்டு என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. டீக்கடையில நின்னவன், எதுத்த லேத்துப் பட்டறையில இருந்தவன், எல்லாவனும் பாக்கான். அதுக்கு முந்தி என்னைய ஒருத்தரும் கும்பிட்டது கிடையாது தம்பி. மோட்டாரு எரிஞ்சா திட்டிக்கிட்டே வருவான், கட்டிக் கொடுத்தா திட்டிக்கிட்டே போவான்.

அதுக்காகக் கொடுத்தேன்னு நெனச்சிராதிய. நான் எதையும் எதிர்பாத்துக் கொடுக்குற ஆளு இல்ல. வாங்குனவன் கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும், அவ்வளவு தான். அது மரியாதை. சொல்லாமப் போனவனும் உண்டு. ஏழு பேரு. ஏழு பேரு பேரும் எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் நோட்டுப் போட்டேன். எந்தெந்தத் தெருவுல எவனுக்கு என்ன குரூப்பு, கடைசியா என்னைக்குக் கொடுத்தான், எல்லாம் என் கையெழுத்துல. அறுவத்திரண்டு பேரு. ஆட்டோ ஓட்டுறவன், தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவன், ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரு. ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தா நான் டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போயி ஆளைக் கூட்டியாருவேன். என் ஆளுகளுக்கு ஒரே ஒரு சட்டம். நோயாளி வீட்டுல ஒரு கலர் கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. மாசானமுத்துன்னு ஒருத்தன், ஆட்டோக்காரன், எனக்கு வலது கை மாதிரி இருந்தவன், ஒரு தடவை ஆப்பிள் நாலு வாங்கிட்டான். வீடு வரைக்கும் போயி அவன் பிள்ளைக கையிலேருந்து புடுங்கிக் கொண்டாந்து திருப்பிக் கொடுத்தேன். ஒரு ஆப்பிள்ல கடிச்ச தடம் இருந்துச்சு. அதையும் கொடுத்தேன்.

இப்படி இருந்த ஊரு தம்பி இது. இதைக் கெடுத்த புண்ணியவான் தான் எதுக்க உக்காந்திருக்காரு.

இந்த வருசம் ஜூன் பதினாறு. கடைக்கு வெள்ளி விழா. ஊரு பூரா பிளெக்ஸு. ரத்த தானம் செய்வோருக்கு மூணு லிட்டர் குக்கர் இலவசம்னு போட்டு, குக்கர் படம் பெருசா, அதுக்குக் கீழ ரத்தச் சொட்டுப் படம் சின்னதா. அது போதாதுன்னு டோக்கன் போட்டுக் குலுக்கல் வேற, முதல் பரிசு கிரைண்டர். அதுக்கு ஒரு வாரம் முன்னால என் கடைக்கு வந்தாரு. அண்ணே, உங்க நோட்டைக் கொடுத்தீங்கன்னா எல்லாருக்கும் நானே போன் போட்டுச் சொல்லிருவேன், உங்களுக்கு மேடையில சால்வை போத்துறோம்னாரு. நோட்டைத் தர மாட்டேன்னேன். ரத்தத்துக்குச் சாமான் கொடுக்குறது தப்புன்னேன். சிரிச்சாரு. சரி, வந்து மேடையில உக்காருங்கன்னாரு. அதுக்கு மட்டும் சரின்னு சொன்னேன். நாலு பேருக்கு நல்லதை எடுத்துச் சொல்லலாம்னு ரெண்டு பக்கம் எழுதிக்கிட்டுப் போனேன்.

எனக்கு ரெண்டாவது வரிசையில நாற்காலி.

கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். நானூத்திப் பன்னெண்டு பேரு. நாலு ஊரு ஆஸ்பத்திரி வண்டி வந்து நிக்கி. வரிசையில பாக்கேன், என் நோட்டுல உள்ளவன் அம்பத்தெட்டு பேரு டோக்கனைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கான். பங்குனியில மஞ்சக் காமாலை வந்து படுத்திருந்தவன் ஒருத்தன், இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு நிக்கான். அவன் ரத்தத்தை எடுத்து சோதிச்சுப் பாத்துக் கீழ தான் ஊத்தணும். அவனுக்கென்ன, குக்கர் வீட்டுக்குப் போயிரும். மாசானமுத்து என்னையப் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்.

அப்ப தனுஷ்கோடி மைக்கைப் புடிச்சாரு. இந்தா இருக்காரே நம்ம ஆவுடையப்பன் அண்ணன், இவரு இருவத்திரண்டு வருசமாச் சேத்த ரத்தத்தை நம்ம கடை ஒரே காலையில சேத்திருச்சுன்னாரு. எல்லாரும் கை தட்டுனான். என் ஆளுகளும் தட்டுனான். ஒரு கையில டோக்கன் இருக்குறதால சிலவன் தொடையில தட்டுனான். கணக்கும் தப்பு தம்பி. நாங்க ஆயிரத்து முன்னூறுக்கு மேல சேத்திருக்கோம். ஆனா மைக்கு அவரு கையில இருக்கு. சால்வையை யாரோ ஒரு கடைப் பையன் வந்து போத்திட்டுப் போனான். பேசக் கூப்பிடல. நான் ரத்தமும் கொடுக்கல, எந்திரிச்சு வந்துட்டேன். ஆவுடையப்பன் எப்பப் போனான்னு ஒருத்தனும் பாக்கல.

வீட்டுக்கு வந்தா, எனக்கு முந்தி குக்கர் வந்து உக்காந்திருக்கு. வீட்டுக்காரியைக் கேக்கேன், இது என்னன்னு. கடையிலேருந்து கொண்டாந்து கொடுத்தாங்க, நல்ல கனமாத்தான் இருக்குங்கா. தூக்கித் தெருவுல போடுன்னேன். நீங்க வேணா பானைச் சோறு தின்னுங்க, எனக்கு முட்டி வலி, நான் அடுப்படியில ஒரு மணி நேரம் நிக்க மாட்டேன்னுட்டா. அன்னையிலேருந்து என் வீட்டுல ரெண்டு சோறு. எனக்குப் பானையில, அவளுக்குக் குக்கர்ல. ஒவ்வொரு விசிலுக்கும் அந்த மைக்குச் சத்தம் தான் எனக்குக் கேக்கும்.

பாருங்க, சிஸ்டர் வருது. ஆங், இந்தாம்மா கை. பேசல, சும்மா ஊரு விசயம் தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். எவ்வளவு? நூத்தி அறுவத்தெட்டா? அந்த மிசினைத் தட்டிப் பாரும்மா. சரி, சரி. இன்னொரு அரை மணி நேரம். சரி.

பாத்திரக்கடை அண்ணாச்சி தண்ணி பாட்டில் கொண்டாந்து வைக்காரு பாத்தியளா? "அண்ணே, கொஞ்சம் அமைதியா இருங்க. எனக்காக இல்ல, பிள்ளைக்காக." இப்படி மெல்லமாப் பேசவும் தெரியும் போல இருக்கு இவருக்கு. வேணாங்க, எடுத்துட்டுப் போங்க. தண்ணி கொடுத்து ரத்தம் வாங்குனேன்னு நாளைக்கு அதுக்கும் பிளெக்ஸு வைப்பிய.

போறாரு. உக்காரட்டும். எங்க விட்டேன்? ஆங், அன்னைக்கு அந்த வரிசையைப் பாக்கும்போதே எனக்கு அது தட்டுப்பட்டுச்சு. ஒரு தடவை கொடுத்தா ஆம்பளைக்குத் தொண்ணூறு நாள் எடுக்கக் கூடாது, பொம்பளைக்கு இன்னும் கூடுதல். எடுத்த ரத்தம் நாப்பத்திரண்டு நாளைக்கு மேல நிக்காது. இந்த ஊர்லயும் சுத்துப்பட்டிலயும் கொடுக்கக்கூடியவன் எல்லாவனையும் ஒரே நாள்ல வழிச்சு எடுக்காவ. பாதியை வெளியூரு வண்டி கொண்டு போயிரும். அப்ப ஜூலை இருவத்தெட்டுக்கு மேல செப்டம்பர் பதினாலு வரைக்கும் இந்த ஊர்ல கொடுக்க ஆளும் கிடையாது, வச்சிருக்க ரத்தமும் கிடையாது. இருவத்திரண்டு வருசமா நான் மாத்தி மாத்தி ஆளைக் கூட்டியாந்தது இதுக்குத் தான். இன்னைக்கு நாலு பேரு, அடுத்த வாரம் மூணு பேரு. கிணத்துல ஊறுற அளவுக்குத் தான் இறைக்கணும். குக்கர் விக்குறவருக்கு இது தெரியுமா?

அன்னைக்கே போயிச் சொல்லிருக்கலாம். அண்ணாச்சி, பாதிப் பேருக்கு இன்னைக்கு எடுங்க, பாதிப் பேருக்கு டோக்கன் மட்டும் கொடுத்து ஆகஸ்ட்டுல வரச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை. நான் ஏன் சொல்லணும்? மைக்கு அவரு கையில தான இருந்துச்சு. நான் பேசாம வீட்டுக்கு வந்து நாள்காட்டியில ரெண்டு தேதியையும் வட்டம் போட்டு வச்சேன்.

ஜூலை முடிஞ்சுது. நான் எதிர்பாத்த மாதிரியே ஆகஸ்ட்டு மொத வாரத்துலேருந்து போன் வர ஆரம்பிச்சுது. கடைக்கே ஆளு வந்தாவ. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒருத்தரையும் இல்லைன்னு சொல்லல. பாத்திரக்கடைக்குப் போங்க, அங்க தான் நானூத்திப் பன்னெண்டு பேரு ரத்தம் இருக்கு, அண்ணாச்சியைப் பாத்துக் கேளுங்கன்னு வழி சொல்லி அனுப்புனேன். பத்தொம்பது குடும்பம். கடை வாசல்ல ரத்தச் சீட்டோட நின்னாவ. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவுல நின்னு அழுதாவ. நான் எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்து பாப்பேன். அந்த மாசம் குடிச்ச டீயெல்லாம் எனக்கு நல்லா இருந்துச்சு தம்பி. உள்ளதைச் சொல்லுதேன்.

அந்த ஆளுகளா? எங்கயாவது வாங்கியிருப்பாவ. மதுரைக்குப் போயிருப்பாவ. ஒரு பொம்பள மட்டும் ரெண்டு தடவை வந்துச்சு. புருசனுக்குக் குடல்ல புண்ணு, ரத்தமா வாந்தி எடுக்காருன்னுச்சு. ரெண்டாவது தடவையும் பாத்திரக்கடைக்குத் தான் அனுப்புனேன். அப்புறம் வரல. வேலை முடிஞ்சிருக்கும். என் ரத்தம் எல்லாருக்கும் சேரும், அது எனக்குத் தெரியும். நான் அப்ப கொடுத்திருக்கலாம். கொடுக்கல. ஒரு காரியத்துக்காக வச்சிருந்தேன்.

அதையும் சொல்லிருதேன். அண்ணாச்சி, காதை இந்தப் பக்கம் வச்சிக்கிடுங்க. செண்பகம் காலேஜ் படிக்கும்போது அங்க குரூப்பு பாக்குற முகாம் போட்டது நான் தான். அந்தப் பிள்ளைக்கு ஓ நெகட்டிவ்னு என் நோட்டுல எட்டு வருசமா இருக்கு. சித்திரையில வளைகாப்புப் போட்டாவ... இல்ல, வைகாசி. எனக்கும் பத்திரிக்கை வந்துச்சு. அதைப் பாத்து நாளு கணக்குப் போட்டேன். ஆவணி நடுவுல. செப்டம்பர் மொத வாரம். பதினாலாம் தேதிக்கு முன்னால.

அந்தப் பிள்ளையை விட்டா நோட்டுல ஓ நெகட்டிவ் நாலே பேரு. ஒருத்தன் துபாய் போயிட்டான். டீச்சரு குக்கர் வாங்கிட்டாவ. மாசானமுத்து குக்கர் வாங்கிட்டான். மிச்சம் நான். என்னைய விட்டா ஆளு கிடையாதுன்னு எனக்கு ஜூன் மாசமே தெரியும். அதனால ஆகஸ்ட்டு பூரா ஒருத்தருக்கும் கொடுக்காம என்னையப் பொத்தி வச்சேன். காச்சல் வந்துரக் கூடாதுன்னு மழையில நனையல. மாத்திரை மருந்து ஒண்ணும் சாப்பிடல. பேரீச்சம்பழம் தின்னேன். இவரு என்கிட்ட வந்து நிக்கணும். அதுக்காகத் தான்.

என்ன தம்பி அப்படிப் பாக்கிய? பிள்ளை மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நல்ல பிள்ளை. ரோட்டுல பாத்தா மாமான்னு கூப்பிடும்.

மாசானமுத்து கதையைக் கேளுங்க, சிரிப்பா இருக்கும். காலையில ஆறு மணிக்கே விசயம் தெரிஞ்சு, ஆட்டோவை வாசல்ல போட்டுட்டு உள்ள ஓடிருக்கான். எடுங்க, எடுங்கன்னு கையை நீட்டிருக்கான். இன்னும் பதினோரு நாள் இருக்கு, எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாவ. தேதியை மாத்தி எழுதிக்கிடுங்க, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சண்டை போட்டிருக்கான். வெளிய அனுப்பிட்டாவ. நேரா என் கடைக்கு வந்தான். மூணு மாசம் கழிச்சு அப்பத் தான் பேசுதான். எந்திரிச்சு வாண்ணே, வண்டி நிக்கிங்கான். நீ போயி குக்கர்ல ரத்தம் இருக்கான்னு பாருடேன்னேன். அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நீ கும்பிடு வாங்குன, நான் குக்கர் வாங்குனேன். போன ரத்தம் போய்ச் சேந்துச்சுல்லா. இப்ப அந்தப் பிள்ளைக்கு யாருண்ணே கொடுப்பா?" எப்படிப் பேச்சு பாருங்க. கும்பிடும் குக்கரும் ஒண்ணாம். இவனுக்கெல்லாம் நான் என்னத்த விளக்கிச் சொல்ல?

கடை மேனேஜரு ஒம்பது மணிக்கு வந்தான். உங்க முதலாளியை வரச் சொல்லுன்னேன். மருமகன் பத்து மணிக்கு வந்தாரு, சேலத்துக்காரரு, பாவம், ஒண்ணும் தெரியாது. உங்க மாமனாரை வரச் சொல்லுங்கன்னேன். பதினொன்னே காலுக்கு காரு வந்து நின்னுச்சு. எறங்கி நேரா உள்ள வரப் பாத்தாரு. அங்கனயே நில்லுங்கன்னேன். வெயில்ல, வாசல்ல. டீக்கடை, லேத்துப் பட்டறை, பால் டெப்போ, எல்லாவனும் பாக்கான். அன்னைக்கு மைக்குல என்ன சொன்னிய, அதை இப்பத் திருத்திச் சொல்லுங்கன்னேன்.

சொன்னாரு. ஒத்துக்கிடணும், தயங்கவே இல்ல. "ஆவுடையப்பன் அண்ணன் இருவத்திரண்டு வருசமாச் செஞ்சதை நான் செய்யல. தெரியாமப் பேசிட்டேன்." சத்தமாச் சொல்லுங்கன்னேன். சத்தமாச் சொன்னாரு. கும்பிட்டாரு. செருப்போட கும்பிட்டாரு. செருப்பைக் கழத்திட்டுன்னேன். கழத்துனாரு. ரோடு சுட்டுச்சு போல, கால் மாத்தி மாத்தி வச்சாரு.

அது தான் தம்பி. அதுக்குத் தான் எண்பது நாளாக் காத்துக் கெடந்தேன். ஆனா என்னன்னு தெரியல, காருல வரும்போதே காது ரெண்டும் அடைக்கி. நெஞ்சு படபடன்னு அடிக்கி. சந்தோசம்னு தான் நெனச்சேன். உள்ள வந்து கையை நீட்டுனா நூத்தி அறுவதுங்காவ.

இந்தா வந்துட்டு சிஸ்டர். பாரும்மா, இப்ப எறங்கியிருக்கும். மனசுல கெடந்ததையெல்லாம் கொட்டிட்டேன், இப்ப லேசா இருக்கு. இறுக்கிக் கட்டாத. ம். ம். எவ்வளவு? நூத்தி எண்பத்து நாலா?

இன்னொரு தடவை பாரும்மா. இந்தக் கையில பாரு. மூச்சை இழுத்து விடுதேன். பேச மாட்டேன். டாக்டரைக் கூப்பிடு, அவருக்கு என்னையத் தெரியும். இருவத்திரண்டு வருசமா இங்க வாறேன், ஒரு தடவை கூட என்னையத் திருப்பி அனுப்புனது கிடையாது. அம்பத்து நாலு தடவைம்மா. ஒரே ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போ, எனக்கு என்ன ஆனாலும் நான் எழுதித் தாறேன். என்ன, எனக்கே ஊசி போடணுமா? கட்டில்ல நான் படுக்கணுமா? எனக்கு எதுக்கும்மா? இன்னைக்கு எடுக்கவே முடியாதா? நாளைக்கு யாருக்கு வேணும்?

போயிட்டு. டாக்டரைக் கூப்பிடத் தான் போகுது.

அண்ணாச்சி எந்திரிச்சிட்டாரு. அண்ணாச்சி. இருங்க. அஞ்சு நிமிசம் இருங்க, எறங்கிரும். நான் பேசல இனிமே. அண்ணாச்சி.

பாத்தியளா? ஒரு வார்த்தை சொல்லாமப் போறாரு. என்னையத் திரும்பிக் கூடப் பாக்கல. போனைக் காதுல வச்சிக்கிட்டு மதுரையைக் கேக்காரு. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிட்டுப் போயிருக்கலாம். நான் ஒரு ஆளா உக்காந்திருக்கேன்லா இங்க? காலு பெஞ்சுல இடிச்சதுக்குக் குனிஞ்சு பெஞ்சைப் பாக்காரு, என்னையப் பாக்கல.

மணி என்ன? பன்னெண்டே முக்காலா. ரெண்டு மணின்னு சொன்னாவ. மதுரையிலேருந்து காரு வரணும்னா மூணு ஆகிரும். இருக்குன்னே இன்னும் உறுதியாச் சொல்லல. மேல படுத்திருக்கு அந்தப் பிள்ளை. போன மாசம் கூட கோயில் வாசல்ல பாத்துச்சு, மாமா, எனக்குன்னா நீங்க வந்துருவிய தானன்னு கேட்டுச்சு. வாறேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அது என்னைய நம்பிப் படுத்திருக்கும் தம்பி. யாரு கொடுக்கான்னு கேட்டா என் பேரைச் சொல்லும்.

நீங்க எங்க எந்திரிக்கிய? ரிசல்ட் வரட்டும், இருங்க. உங்க பேரு என்னன்னு கூட நான் கேக்கல. வயசு முப்பது இருக்குமா? நல்ல உடம்பு. காமாலை கீமாலை வந்திருக்கா? கடைசியா எப்பக் கொடுத்திய? கொடுத்ததே இல்லையா? ரொம்ப நல்லது. ஊசின்னா பயமா? ஒண்ணும் இல்ல தம்பி, எறும்பு கடிச்ச மாதிரி தான். என்ன குரூப்பு? ஓ-வா? ஓ தானா? பாசிட்டிவா நெகட்டிவா? தெரியாதா? பத்தாங் கிளாஸ்ல பாத்ததா. வாங்க, உள்ள வாங்க. ஒரு சொட்டு போதும், ரெண்டு நிமிசத்துல சொல்லிருவாவ.

கையை உதறாதிய. நான் புடிச்சு இழுக்கல. போகாதிய தம்பி, கேளுங்க.

சும்மா வேணாம். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.